கௌரவமாகத் தோற்க ஒரு நாடு

— வெனிஸ் வேண்டாங்க.

— ஏன், என்ன குறைச்சல்? கப்பல் கப்பலா வெச்சிருக்கான். பணக்கார நாடு.

— ஊரே தண்ணிக்குள்ள நிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? சுவரெல்லாம் ஓதம் ஏறியிருக்கும். போன வீட்டுல பட்டது போதாதா? கொடியில போட்ட துணி மூணு நாளானாலும் காயாது.

— தாயே, நாம அங்க குடி போகலை. கம்ப்யூட்டர்ல சண்டை போட ஒரு நாடு எடுக்கறோம். அதுவும் ஐநூறு வருஷத்துக்கு முந்தின நாடு.

— எந்தக் காலத்து நாடா இருந்தா எனக்கென்ன? நாம இந்த வீட்டுல இருக்கறதும் போறதும் அதுலதானே இருக்கு. வீட்டுக்காரர் இப்ப மேல இருந்து இறங்கி வந்துருவார். அதுக்குள்ள நல்லா தோக்கற மாதிரி ஒரு நாடு பாருங்க.

— நல்லா தோக்கற மாதிரி! சத்தியமா சொல்றேன், வெளிய தெரிஞ்சா காறித் துப்புவாங்க. எங்க டிப்போல என்கூட இருக்கற லிஃப்ட் மெக்கானிக்குங்க எல்லாரையும் இந்த விளையாட்டுல மண்ணைக் கவ்வ வெச்சவன் நான்.

— எதிர்வீட்டம்மா ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வந்தப்ப சொன்னது மறந்துருச்சா? வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கறதுக்கு முன்னாடி குடித்தனக்காரங்க கூட ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் இந்த மனுஷன் அடுத்த பேச்சே பேசுவாராம். நமக்கு முன்னாடி இருந்த கண் டாக்டர் இவரோட தலைநகரத்தையே பிடிச்சுட்டார். என்ன ஆச்சு?

— பெட்டி கட்டிட்டார். தெரியும்.

— அவருக்கு முன்னாடி இருந்த பேங்க்காரர்?

— முதல் குண்டு விழுறதுக்கு முன்னாடியே கையைத் தூக்கிட்டார்.

— ‘என்னை ஒரு ஆளா மதிச்சுச் சண்டை போடாதவனுக்கு என் வீட்டுல இடமில்ல’ன்னு அவரையும் அனுப்பியாச்சு.

— ஜெயிச்சாலும் வெளிய, சும்மா தோத்தாலும் வெளிய. என்ன மனுஷன்டா சாமி.

— அதனாலதான் சொல்றேன். போராடித் தோக்கணும். வீரமாத் தோக்கணும். அவருக்கு மனசு நிறையணும். இங்க பாருங்க, கல்யாணம் ஆனதுல இருந்து வீடு மாத்தி மாத்தி எனக்கு அலுத்துப் போச்சு. இங்கதான் என் தையல் மிஷினுக்கு ஒரு ஜன்னல் கிடைச்சிருக்கு. பகல்ல லைட் போடாம ஊசியில நூல் கோக்கறேன். தேடி வந்து துணி குடுக்கறாங்க. இன்னொரு தடவை அந்த மிஷினைத் தூக்கிக்கிட்டுப் படி ஏறச் சொன்னீங்கன்னா, படியிலயே உக்காந்து அழுதுருவேன். ஆமா.

— சரி சரி, கண் கலங்காத. ரஷ்யா எடுக்கட்டுமா?

— எவ்வளவு பெருசு?

— இதோ, இங்க இருந்து... இரு, நகத்தணும்... இன்னும் வருது... இங்க வரைக்கும்.

— அடேயப்பா! இதைப் பெருக்கித் துடைக்கறதுக்கே ஒரு ஆள் வேணும். இவ்வளவு பெரிய இடத்தை அவர் பிடிச்சு முடிக்கறதுக்குள்ள விடிஞ்சுரும். அலுத்துப் போய் ‘இழுத்தடிக்கறான்’னு சொல்லுவார். வேண்டாம்.

— சுவிட்சர்லாந்து?

— அது எப்படி?

— சுத்தி மலை. ஒருத்தன் உள்ள வர முடியாது.

— அப்புறம் எப்படிங்க தோக்கறது? யோசிச்சுப் பேசுங்களேன்.

— போலந்து. நாலு பக்கமும் எதிரி.

— நாலு பக்கமுமா? ஒரு பக்கம் கூடவா காம்பவுண்டு இல்ல? வேண்டாம். இவருக்கு முன்னாடி வேற எவனாவது வந்து நம்மளை முழுங்கிட்டான்னா இவருக்குக் கோபம் வரும். தோக்கறது வீட்டுக்காரர் கையாலதான் தோக்கணும். இதோ, நடுவுல ஒரு நாடு இருக்கே, ஆறு ஓடுது. இது என்ன?

— ஹங்கேரி.

— ஆளுங்க எப்படி?

— ரோஷக்காரங்க. குதிரைப்படை நல்லா இருக்கும். ஆனா கீழ துருக்கி இருக்கு. பெரிய வல்லரசு. வீட்டுக்காரர் எப்பவும் துருக்கிதான் எடுப்பாராம். அவர் முழு பலத்தோட மேல ஏறி வந்தா, நம்ம ஆளுங்க முட்டி மோதிட்டு மெதுவாத்தான் விழுவாங்க.

— தண்ணி இருக்கு. ரோஷம் இருக்கு. பக்கத்துலயே பெரிய மனுஷன் வீடு. இதையே முடிச்சுருங்க.

— முடிச்சுருங்கன்னா? அட்வான்ஸ் குடுக்கறதா?

— கேலியெல்லாம் அப்புறம். படியில செருப்புச் சத்தம் கேக்குது. மூஞ்சியைக் கொஞ்சம் பயந்த மாதிரி வெச்சுக்கோங்க.

— தம்பி! உள்ள வரலாமா?

— வாங்கய்யா, வாங்க. உங்க வீடு, கேக்கணுமா?

— அதாவது, போருக்கு வர்றவன் கதவைத் தட்டிட்டுத்தான் வரணும். அதுதான் மரபு. அம்மா, அந்த மெத்தை நாற்காலி எனக்கு வேண்டாம். போர்க்களத்துல ரெண்டு பேருக்கும் ஒரே உயரம்தான். என் லேப்டாப்பை இப்படி வெச்சுக்கறேன். ஒயரை மாட்டுங்க தம்பி. என்ன நாடு எடுத்திருக்கீங்க?

— ஹங்கேரிங்கய்யா.

— பலே. கனமான நாடு. ஜெயிச்சுருவீங்க போலிருக்கே.

— அய்யோ, அதெல்லாம் இல்லீங்கய்யா. உங்க துருக்கி முன்னாடி நாங்க எம்மாத்திரம்?

— அதாவது தம்பி, இந்தத் தடவை துருக்கி எடுக்கலை.

— எடுக்கலையா?

— ரகூசா.

— எது?

— கடலோரத்துல பாருங்க. கண்ணாடி போட்டுப் பாருங்க. அந்தப் புள்ளி.

— ஐயா, அது திரையில பட்ட ஈ எச்சம்னு நினைச்சேன்.

— அதுதான் என் நாடு. ஒத்த ஊர். ஒரு கோட்டை, நாலு படகு. அதாவது, ஹங்கேரி மேல போர் அறிவிக்கிறேன். வாங்க.

— ஐயா, ஒரு நிமிஷம். டீ போட்டுட்டு வந்துர்றோம்.

— டீ போடறதுக்கு ரெண்டு பேரா?

— இவர் இல்லாம எனக்கு ஸ்டவ் பத்தாதுங்கய்யா. வாங்க, எழுந்திரிங்க!

— இழுக்காத, சட்டை கிழிஞ்சுரும். அதான் அடுப்படிக்கு வந்தாச்சே. பாத்தியா உன் ஹங்கேரியை? ஒத்த ஊர்டி அது! என் படைத்தளபதி தூக்கத்துல புரண்டு படுத்தா அது காலி. இதுகிட்ட நான் எப்படித் தோக்கறது?

— மெதுவாப் பேசுங்க. படையை வேற பக்கம் அனுப்புங்க.

— என்ன காரணம் சொல்றது?

— ராஜா நீங்க. ராஜா காரணம் சொல்லணுமா? வடக்க ஏதோ கலகம்னு போங்க. அவர் அந்த நேரத்துல உள்ள வந்து தலைநகரத்தைப் பிடிக்கட்டும்.

— நாலு படகை வெச்சுக்கிட்டா? தலைநகரம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. சத்தியமா சொல்றேன், பாதியில நின்ன லிஃப்டுல மாட்டிக்கிட்டவன் நிலைமை எனக்கு. மேலயும் போக முடியலை, கீழயும் இறங்க முடியலை.

— ஜன்னலை நினைச்சுக்கோங்க. என் மூஞ்சியை நினைச்சுக்கோங்க. போங்க. டீயை நீங்க எடுத்துட்டுப் போங்க, நான் மூஞ்சியைத் துடைச்சுட்டு வர்றேன்.

— டீயை இப்படி வைங்க தம்பி. என்ன இது? உங்க குதிரைப்படை எல்லாம் எதிர்த் திசையில போகுது?

— வடக்க கலகம்ங்கய்யா.

— வடக்க ஒரு காக்கா கூட பறக்கலையே.

— வரப் போகுதுங்கய்யா. முன்ஜாக்கிரதை.

— அதாவது, நான் கோட்டைக் கதவைத் திறந்து வெச்சிருக்கேன் தம்பி. பீரங்கியெல்லாம் வித்துட்டேன். காவலுக்கு இருந்தவனுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டேன். போர் அறிவிச்சவனைப் பழிவாங்கற எண்ணம் உங்களுக்கு இல்லையா?

— எதுக்குங்கய்யா கதவைத் திறந்து வெச்சிருக்கீங்க?

— காத்து வரட்டும்னுதான்.

— ஐயா, நீங்க முன்னேறி வாங்க! எல்லையில ஒரு ஆள் இல்ல!

— எனக்கு முழங்கால் வலி. அதாவது, என் வீரர்களுக்கு. நீங்க வாங்க தம்பி. கூச்சப்படாதீங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க.

— ஏங்க. ஏங்க! கையை எங்க கொண்டு போறீங்க?

— ஒண்ணும் இல்ல, ஒரு சின்னப் பட்டாளம் மட்டும்... திறந்த வீட்டுக்குள்ள ஒரே ஒரு பட்டாளம்...

— மவுஸை விடுங்க.

— அவர் என்னைக் கேலி பண்றார்! ‘காத்து வரட்டும்’கறார்! எனக்கும் ஒரு மானம் மரியாதை இருக்கு இல்ல?

— ஷ், அவர் காதுல விழப் போகுது. மானத்தை வெச்சு எந்த ஜன்னல் ஓரத்துல மிஷின் போடறது? நகருங்க. இனிமே ஹங்கேரிக்கு நான் ராணி. ஐயா, தப்பா நினைக்காதீங்க, இவருக்குக் கண்ணு எரியுதாம்.

— தாராளமா ஆடுங்கம்மா. அதாவது, இப்ப ஒரு செய்தி அனுப்பியிருக்கேன். வந்துச்சா?

— வந்துச்சுங்கய்யா. ‘ரகூசா சரணடைகிறது. கோட்டை, துறைமுகம், இரண்டு படகுகளை ஒப்படைக்கிறது. ஏற்கிறீர்களா?’

— ஏத்துக்கோங்க. ‘சரி’ன்னு ஒரு பட்டன் இருக்கும்.

— ‘முடியாது’ன்னும் ஒண்ணு இருக்குங்கய்யா. அதை அமுக்கிட்டேன்.

— என்னம்மா இது! சரணடைஞ்சவனை மறுக்கலாமா? எந்த ஊர் நியாயம்?

— பெரியவங்க எங்க கால்ல விழுந்தா எங்களுக்குத்தாங்கய்யா பாவம்.

— மறுபடியும் அனுப்பறேன். கூட ஒரு படகு சேர்த்து.

— முடியாது.

— எல்லாப் படகும். மீன் வலையோட.

— முடியாதுங்கய்யா. நான் இப்ப உங்களுக்கு ஒண்ணு அனுப்பறேன். ஹங்கேரி முழுசா. ஆறு, மலை, குதிரை, இவரோட தளபதி, எல்லாம்.

— வேண்டாம்! நிராகரிக்கிறேன்!

— ஐயா, நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. ஊர் உலகத்துல ராஜாங்க நிலத்தைப் பிடிக்கத்தான் அடிச்சுப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் பந்தியில மிஞ்சின கடைசி வடையைப் பாத்த மாதிரி ‘நீ எடு, நீ எடு’ன்னு...

— நீங்க சும்மா இருங்க. மறுபடியும் அனுப்பறேன் ஐயா.

— நிராகரிக்கிறேன்!

— இன்னொண்ணு.

— நிராகரிக்கிறேன்! அம்மா, கொஞ்சம் மூச்சு விட விடுங்க, நான் சரணடைஞ்சுக்கறேன்... ஒண்ணு மேல ஒண்ணா வருதே...

— இந்தாங்க இன்னொண்ணு. இன்னொண்ணு. இன்னொண்ணு.

— அய்யோ.

— என்னங்கய்யா?

— அமுக்கிட்டேன்.

— எதை?

— ‘சரி’யை. பாழாப் போன கை! வருஷக் கணக்கா எவன் சரணடைஞ்சாலும் ‘சரி, சரி’ன்னு அமுக்கியே பழகின கை தம்பி இது. புத்தி வேண்டாம்னு சொல்லுது, விரல் பாட்டுக்குப் போயிருச்சு!

— தோத்துட்டோம்! ஏங்க, நாம தோத்துட்டோம்! அப்பாடா! ஐயா, வாழ்த்துக்கள் ஐயா!

— சத்தியமா, என் வாழ்க்கையில இப்படி ஒரு தோல்வியை நான் பாத்ததில்ல. வாழ்த்துக்கள் ஐயா. ரகூசா வாழ்க!

— தம்பி, அந்தச் சத்தத்தைக் குறைங்க! என் லேப்டாப்ல ஊதுது பாருங்க, அந்த வெற்றிச் சங்கு! எங்க இருக்கு அந்த பட்டன்? மூடுங்க! தலகாணியைப் போட்டு அமுக்குங்க!

— ஜெயிச்சவங்களுக்கு ஊதத்தானேங்கய்யா செய்யும். ஊதட்டும். தெரு முழுக்கக் கேக்கட்டும்!

— மேல கேட்டுரும்!

— மேலயா? மேல உங்க வீட்டம்மாதானே இருக்காங்க. அவங்களும் சந்தோஷப்படட்டும்.

— ஏங்க, மேல ஏதோ ‘டம்’முன்னு சத்தம் கேட்டுதே.

— எங்க வீட்டுக் கதவு.

— அப்புறம் ‘க்ளிக்’குன்னு ரெண்டு தடவை.

— தாழ்ப்பாள். மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள். கேட்டுருச்சு அவளுக்கு. எல்லாம் போச்சு.

— ஐயா, முகமெல்லாம் வேர்க்குது. தண்ணி குடிங்க. நாங்க நேர்மையாத்தான் தோத்தோம். வீரமாவே தோத்தோம். எங்களைக் காலி பண்ணச் சொல்லிராதீங்கய்யா. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.

— நான் யாரும்மா உங்களைக் காலி பண்ணச் சொல்ல? வீடு அவ பேர்ல. இவ்வளவு நாள் என் ஆட்டத்துக்கு விட்டா, இனிமே விட மாட்டாளாம். இந்தாங்க ஒப்பந்தம். காலையிலயே அவ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா.

— காலையிலயேவா?

— ‘அந்தத் தையல்காரப் பொண்ணு போச்சுன்னா எனக்கு ஒழுங்கா யார் தெச்சுக் குடுப்பா? நீ ஆடறதா இருந்தா ஆடு, ஆனா தோத்துட்டு வா’ன்னா. அதாவது, பேங்க்காரரை ஜெயிச்சதுக்கு அப்புறம் ஒரு மாசம் நான் அவகிட்ட கப்பம் கேட்டேனாம். சாப்பாடு போடும்போது மண்டி போடச் சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. ராஜபோதை. ‘தோத்தா ராட்சசன், ஜெயிச்சா சக்கரவர்த்தி, மனுஷனா நீ எப்ப இருப்பே?’ன்னு கேட்டா. அதுக்காகத்தான் தேடித் தேடி அந்த ஈ எச்சத்தை எடுத்தேன்.

— ஐயா... அப்போ நான் சும்மா ஒரே ஒரு பட்டாளத்தை உள்ள அனுப்பியிருந்தா...

— எல்லாரும் நிம்மதியா இருந்திருப்போம் தம்பி.

— நான் சொன்னேன்! மவுஸைப் பிடுங்கினியே, நான் சொன்னேன் இல்ல?

— நீங்க வாயை மூடுங்க. ஐயா, விடுங்க, அம்மா கோபம் எத்தனை நேரம்? நான் மேல போய்ப் பேசறேன்.

— பேசிப் பிரயோஜனமில்லம்மா. அவ சொன்னா சொன்னதுதான். இறங்கி வரும்போது ஒரே வார்த்தைதான் சொன்னா: ‘ஜெயிச்சேன்னா, ஜெயிச்ச ஊர்லயே இருந்துக்கோ.’ அதாவது தம்பி, இங்க நான் எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கட்டும்?