கம்பு பிடித்த கை

எனக்கு எழுபத்து நான்கு வயது. இன்றுவரை படியேறும்போது கைப்பிடியைத் தொட்டதில்லை. கட்டட மேஸ்திரியாக முப்பத்தெட்டு வருடம் சாரத்தில் நின்றவனுக்கு அது ஒரு காரியமா? என் மனைவிக்குத்தான் வீட்டுப் படி மலையாகிவிட்டது.

வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். எலும்போடு எலும்பு உரசுகிறதாம். எக்ஸ்ரே படத்தை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க, சாமியைக் கண்டது போல அவளும் பார்த்தாள். அன்றிலிருந்து செருப்பு மாட்டவே ஐந்து நிமிடம். காலையில் எழுந்தால் நாற்காலி, மேசை, சுவர் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து ஒரு ஊர்வலம். பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"எவ்வளவு தூரம் நடப்பீங்க? படுத்தா தூக்கம் வருதா?" என்று டாக்டர் அவளைக் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன்.

"நல்லா நடக்குறா. குறட்டை விட்டுத் தூங்குறா."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் அறுவை சிகிச்சைக்கு இப்போது அவசரமில்லை, பயிற்சியும் கைத்தடியும் போதும், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். இடுப்பு மூட்டை மாற்றியிருந்தால் மூன்று மாதம் மகள் வீட்டில் இருந்திருப்பாள். அம்மாவும் பெண்ணும் அதற்குள் அறைகூட ஒதுக்கிவிட்டார்கள். என் சட்டையை யார் தேய்ப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை ஐயா, தகவலுக்குச் சொல்கிறேன்.

பயிற்சி சொல்லித் தர ஒரு சின்னப் பெண் இருந்தாள். "வலி வலப்பக்கம்தானே? அப்போ கம்பை இடது கையில பிடிங்கம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சாய்கிற சுவரை விட்டுவிட்டு எதிர்ச்சுவருக்கு முட்டுக் கொடுக்கிறவன் உண்டா? வீட்டுக்கு வந்ததும் கம்பை வலது கைக்கு மாற்றினேன்.

"இந்தக் கையில பிடிச்சா வலி உயிர் போகுதுங்க."

"போனதும் சொல்லு" என்றேன்.

என் முன்னால் வலது கையில் பிடிப்பாள். நான் அந்தப் பக்கம் போனால் இடது கைக்கு மாற்றிவிடுவாள். முப்பத்தெட்டு வருடத்தில் எந்தக் கொத்தனாரும் என்னிடம் அப்படி ஏமாற்றியதில்லை. மாடிப்படிக் கைப்பிடியில் வேறு முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்குவாள். அதைக் கழற்றினேன். ஆறு திருகாணிதான். பெயிண்ட் அடிக்கப் போவதாக மகளிடம் சொன்னேன். பெயிண்ட் வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன். மொட்டைமாடியில் காய்ந்த என் சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். கம்பு இடது கையில். வலது உள்ளங்கை சுவரில்.

"கையை மாத்து."

"கீழ வந்து மாத்திக்கிறேங்க."

"அங்கயே மாத்து."

சாரத்தில் ஏறுகிற புது ஆளுக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடம், ஒரு கை எப்போதும் பிடியில் இருக்க வேண்டும் என்பது. கம்பை மாற்ற அவள் சுவரை விட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். விட்டாள். ஒன்பது படி.

விழுந்த பிறகு என்னைக் கூப்பிட்டாள். தானாக எழுந்து பழகட்டும் என்று டீயைக் குடித்து முடித்தேன். பிறகு பேப்பர் படித்தேன். ஒரு மணி நேரம் போல முனகல் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. அதற்கும் பிறகுதான் மகளுக்குப் போன் செய்தேன்.

தள்ளிவிட்டீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். விரல்கூடப் படவில்லை. வேண்டுமானால் இதை எழுதிக்கொள்ளுங்கள். நான் கிட்டே போய்ப் பார்த்தபோது கம்பு அவளுடைய வலது கையில் இருந்தது. கடைசியிலாவது சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள்.