வலப்பக்க இருக்கையில் வெர்னா டோலஃப்ஸன்

பெயர்: எல்டன் ப்ரூவிக். வயது: 63. தொழில்: ஓய்வுபெற்ற நூலகப் பட்டியலாளர். முகவரி: 14, மில் தெரு, மாடி, ஹார்லன் ஃபால்ஸ், மினசோட்டா. தனியாக வசிக்கிறேன்.

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை 10.40 மணிக்கு, ‘வடக்குச் சால்’ என்னும் இணையக் கருத்திதழின் நம்பகப் புள்ளியை 25-இலிருந்து 23-ஆக இறக்குவது என்று எங்கள் மதிப்பீட்டுக் குழு நீண்ட விவாதத்திற்குப் பின் ஏகமனதாகத் தீர்மானித்தது. குழுவின் உறுப்பினர்கள் மூவரும் என் சமையலறையில் கூடியிருந்தனர். அப்போது வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

நான் ‘ஊடகத் தராசு’ என்ற அமைப்பில் ஒன்பது ஆண்டுகளாகத் தன்னார்வ மதிப்பீட்டாளராக இருக்கிறேன். ஒரு இதழ் எந்தப் பக்கம் சாய்கிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்று புள்ளி போடுவது எங்கள் வேலை. ஒவ்வொரு கட்டுரையையும் இடதுசாரி ஒருவர், வலதுசாரி ஒருவர், நடுவில் நிற்பவர் ஒருவர் என மூவர் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நான் நடு. இடது இருக்கையில் இருந்த தாலியா 2021-இல் வேலை கிடைத்து ஆரிகன் போய்விட்டார். வலது இருக்கையில் இருந்த வெர்னா டோலஃப்ஸன் 2022 நவம்பரில் தன் தங்கையுடன் இருக்க அரிசோனா போனார். போகும்போது என்னிடம், “இனிமே நீயே பாத்துக்கோப்பா, எனக்குக் குளிர் தாங்கல” என்றார். நான் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் புது ஆட்கள் கேட்டேன். விரைவில் அனுப்புவதாகப் பதில் வந்தது. அதன் பிறகு பதில் வரவில்லை.

மூன்று கையெழுத்து இல்லாமல் புள்ளி செல்லாது என்பதால் மற்ற இரண்டையும் நானே போட்டேன். இதில் ஏமாற்று எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு கட்டுரையையும் மூன்று நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். வெர்னா எதற்கு எரிச்சல்படுவாரோ அதற்கு அவர் நாற்காலியில் எரிச்சல்பட்டேன். மூவருக்கும் ஒத்துப்போகாத நாட்களில் காப்பி போட்டுவிட்டு மறுவாசிப்பு நடத்தினேன்.

‘வடக்குச் சால்’ இதழைத் தொண்ணூறு மைல் தள்ளி இருக்கும் ஆரின் ஹால்விக் என்பவர் ஒற்றை ஆளாக நடத்துகிறார். வயது 68, மனைவியை இழந்தவர். 2023 பிப்ரவரியில் அவர் தன் புள்ளியை எதிர்த்து வெர்னாவின் பெயரிலுள்ள, அப்போது நானே பார்த்துவந்த அலுவலக மின்னஞ்சலுக்கு எழுதினார். “மூணு பேர்ல நீங்க ஒருத்தர்தாம்மா படிச்சுட்டு மார்க் போடுறீங்க. நடுவுல ஒருத்தன் இருக்கானே, அவன் தூங்கிட்டே போடுறான்” என்று அதில் இருந்தது. விதிப்படி பதில் அனுப்ப வேண்டும் என்பதால் வெர்னாவாகப் பதில் எழுதினேன். நடு இருக்கையை ஓரளவு ஆதரித்தும் எழுதினேன். அதன் பிறகு அவர் தன் ஏரியில் பனி எத்தனை அங்குலம் என்று எழுதினார். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் வாரம் இரண்டு கடிதம் வந்தது. அந்தக் காலத்தில் எனக்குத் தவறாமல் எழுதிய இன்னொருவர் என் பல் மருத்துவர்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் ஹால்விக்குக்கு வெர்னா பெயரில் அனுப்பிய ஒரு கடிதத்தில், பேச்சை நீட்டுவதற்காக, எங்கள் நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் துரு வாசம் வருவதாக எழுதினேன். மார்ச் 10 அன்று அவர் இதழில் ‘ஹார்லன் ஃபால்ஸ் மக்களுக்கு நஞ்சு’ என்ற கட்டுரை வந்தது. ஆதாரமாக, ‘உள்ளூரில் எனக்குத் தெரிந்த மிக நேர்மையான ஒருவர்’ என்று குறிப்பிட்டிருந்தார். மறுநாள் நான் வழக்கப்படி குடிநீர்த் துறைக்குத் தொலைபேசினேன். சோதனைகளில் குறை ஏதும் இல்லை. கட்டுரைக்கு அந்த ஒருவரைத் தவிர வேறு ஆதாரமும் இல்லை. 24-க்குக் கீழே போனால் மாவட்ட நூலகங்கள் தங்கள் கணினித் திரையிலிருந்து இதழை எடுத்துவிடும் என்பதும், அவருடைய வாசகர்களில் பெரும்பாலோர் அங்கேதான் என்பதும் எனக்குத் தெரியும். வலது இருக்கை 24 கேட்டுச் சிறிது நேரம் வாதாடியது. ஆதாரம் நம்பத்தகாதது என்பதை அதனாலும் மறுக்க முடியவில்லை.

மார்ச் 14 அன்று இதழ் திரையிலிருந்து எடுக்கப்பட்டது. அன்றே ஹால்விக், “நீங்களுமா கையெழுத்து போட்டீங்க, வெர்னா?” என்று ஒரே வரி எழுதினார். அதன் பிறகு அந்த அஞ்சல் பெட்டியை நான் திறக்கவில்லை.

ஏப்ரல் 5, சனிக்கிழமை அவர் வண்டி ஓட்டி வந்து, குழுவின் முகவரியாகப் பதிவாகியிருந்த என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் மூடி போட்ட பாத்திரத்தில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சுட்டு எடுத்து வந்திருந்தார். “நடு ஆளு நீதான? வெர்னா எங்கய்யா?” என்றார். ஊரில் இல்லை என்றேன். “எனக்காகப் பேசுனாங்கன்னு தொரத்திட்டீங்களா? தகிரியம் இருந்தா என்கிட்ட மோதுங்கய்யா” என்றார். பிறகு பாத்திரத்தை நீட்டி, “வந்தா சூடு பண்ணிக் குடு” என்று சொல்லிவிட்டுப் போனார். அதை இரண்டு நாள் சாப்பிட்டேன். பாத்திரத்தைக் கழுவி வைத்திருக்கிறேன். அவர் அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் வந்து, வெர்னா டோலஃப்ஸன் காணாமல் போனதாகப் புகார் கொடுத்ததாக அறிகிறேன்.

இன்று நிலையத்தில் ஹால்விக்கும் நானும் இருக்கும்போது துப்பறியும் அதிகாரி ஸ்லெட்டன் அரிசோனாவுக்குத் தொலைபேசினார். வெர்னா நலமாக இருக்கிறார். “ஹால்விக்கா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதும்மா. எல்டன் பக்கத்துல இருக்கானா? இன்னுமா அந்த வேலைய பாக்குறான்?” என்றது எல்லோருக்கும் கேட்டது. ஹால்விக் தொப்பியை மடியில் வைத்திருந்தார். என்னிடம், “அந்தக் கடுதாசிங்கள்ல எதுய்யா நெசம்?” என்று கேட்டார். பெயரைத் தவிர எல்லாம் என்றேன். “அதுக்கு எத்தன மார்க்கு?” என்றார். சொந்த எழுத்துக்குப் புள்ளி போட விதியில் இடமில்லை என்று சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார்.

இவை யாருடைய வற்புறுத்தலும் இன்றி நானே சொன்னவை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) எல்டன் ப்ரூவிக்
ஏப்ரல் 9, 2025

அதிகாரியின் குறிப்பு: ஆள் இருப்பிடம் தெரிந்ததால் புகார் முடிக்கப்பட்டது. வெர்னா டோலஃப்ஸன் பெயரிலுள்ள மின்னஞ்சல் கணக்கை ‘ஊடகத் தராசு’ தலைமை அலுவலகம் இன்று பிற்பகல் 2.15 மணிக்கு நீக்கியது. அப்போது அதில் திறக்கப்படாத கடிதங்கள் ஏழு இருந்தன.