பெருசாகிப்போன வணக்கம்

சென்னீர்குப்பம் தாண்டுவதற்குள் பஸ் நெரிசலில் மாட்டி நின்றுவிட்டது. முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரம் இருந்தவன் திடீரென்று சொன்னான்:

“வணக்கம் நைனான்றது மட்டும்தான் பெருசாச்சு மச்சான். செய்தி அப்டியே பொடிசா கீது.”

“இன்னாடா சொல்ற?”

“நைனாவுக்கு கண்ணு மங்கல். கம்ப்யூட்டர்ல நியூஸ் படிக்க ஒரு புக்மார்க் வச்சி குடுத்திருந்தேன். அத அமுத்தினா செய்தி எழுத்தெல்லாம் பெருசாவும். ஒழுங்காத்தான் போய்க்கினு இருந்துச்சு. நான்தான் சும்மா இல்லாம, அத பிரவுசர்லயே பட்டனா நிக்கிற எக்ஸ்டென்ஷனா மாத்துறேன்னு வீடியோ பாத்து கத்துக்கினேன்.”

“நல்லதுதான மாமே?”

“மேல பட்டன் வந்துச்சு. அமுத்தினா ‘வணக்கம் நைனா’ன்னு குட்டியா ஒரு பொட்டி தொறக்கும். நான் போட்ட கோடிங் அந்தப் பொட்டிக்குள்ளயே ஓடிச்சு, வெளில கீற செய்தியத் தொடவே இல்ல. பொட்டில எழுத்து பெருசானத பாத்து, முடிஞ்சிச்சுன்னு பழைய புக்மார்க்க அழிச்சிட்டேன்.”

“நைனா ஒண்ணும் கேக்கலியா?”

“தெனம் அமுத்துவாரு. எப்டி கீதுன்னா, ‘சூப்பர்டா’ம்பாரு. நேத்துதான் பின்னால நின்னு பாத்தேன். செய்தில வர்ற போட்டோவ மட்டும் பாத்துகினு கீறாரு. பழசயாவது உட்டு வச்சிருக்கலாம் மச்சான்.”

பஸ் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அவன் வெளியே பார்த்தபடி சொன்னான்:

“ஏன் சொல்லலன்னு கேட்டேன். ‘செய்திதான்டா தெரியல. நீ என்னக் கூப்புடறது நல்லா தெரிஞ்சிச்சு’ன்றாரு.”