சூரியனைக் காட்டும் சனிக்கிழமை

நுஹா: மாமா, காபியக் கப்புல ஊத்தலை, மேஜைல ஊத்துறீங்க!

வதீ: கப்பு நகர்ந்துடுச்சு.

நுஹா: நகரல. போன சனிக்கிழமையும் இதே மாதிரி...

வதீ: நீ இந்த வானாய்வுக்கூடத்துக்குப் பொறுப்பேத்து ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள என் காபில குத்தம்! போங்க டாக்டரம்மா, கதவைத் திறங்க. ஹம்ரா தெரு வரைக்கும் வரிசை நிக்குது.

நுஹா: முதல்ல இந்தப் படிவம். தொலைநோக்கில சூரியனைக் காட்டுறப்போ இங்க யாருக்காவது கண்ணு போயிருக்கான்னு பல்கலைக்கழகம் கேக்குது. ஆமான்னா, இனிமே பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது.

வதீ: இல்லைன்னு எழுதித் தொலை. முப்பது வருஷமா நான்தானே காட்டுறேன்?

நுஹா: எழுதுறேன்... இடது கண்ணைப் பொத்துங்க.

வதீ: என்ன விளையாட்டு இது? கதவைத் தட்டுறாங்க பாரு.

நுஹா: தட்டட்டும். பொத்துங்க. இப்ப எத்தனை விரல் காட்டுறேன்?

வதீ: ம்... ரெண்டு.

நுஹா: விரலே இல்ல மாமா. பேனா.

வதீ: சரி, வலது கண்ணு தெரியாது. போதுமா?

நுஹா: எப்போ?

வதீ: பதினெட்டு வருஷமாச்சு. கத்தாத, வெளிய கேக்கும்.

நுஹா: எப்படி?

வதீ: பெரிய தொலைநோக்கிக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டேன். பக்கத்துல குறி பாக்குற சின்னக் குழாய் இருக்கே, அதுக்கு மூடி போட மறந்து எங்கயோ வச்சுட்டேன். பழக்கதோஷத்துல கண்ணை வச்சேன்... ஒரு நொடிதான்.

நுஹா: படியில விழுந்தேன்னு கண்ணுல கட்டுப் போட்டுட்டு வந்தீங்களே... அதுவா?

வதீ: பின்ன? உண்மையச் சொல்லியிருந்தா அன்னைக்கே பூட்டியிருப்பாங்க. இந்த பெய்ரூத்துல காசு கொடுக்காம பாக்க வேற என்னடி மிச்சம் இருக்கு? போனது என் கண்ணு. தப்பும் என்னுது. 'இல்லை'ன்னு போடு.

நுஹா: தப்பு உங்களுதுன்னு யார் சொன்னா?

வதீ: நான்தானே மறந்தேன்! இன்னைக்கும் ஒவ்வொரு பிள்ளை கண்ணை வைக்கறப்பவும் மூடிய நாலு தடவை தடவிப் பாக்குறேன். பாவி, அன்னைக்கு எப்படி மறந்தேன்...

நுஹா: நீங்க மறக்கல.

வதீ: ஆறுதலாக்கும்? முதல்ல கையெழுத்தைப் போடு.

நுஹா: போட்டுட்டேன். 'ஆமா'ன்னு.

வதீ: அடிப்பாவி! ஏன்டி?

நுஹா: அன்னைக்கு எங்க ஸ்கூல் பிள்ளைங்க கூட்டமா வந்தோம் மாமா. நீங்க மூடி போட்டுத்தான் வச்சிருந்தீங்க. பித்தளை, பளபளன்னு இருந்துச்சு... நான்தான் கழட்டி என் பையில போட்டுக்கிட்டேன். அடுத்த வாரம் திருப்பிக் குடுக்க வந்தேன். உங்க கட்டைப் பாத்ததும் ஓடிட்டேன். காரணம்னு கேட்ட இடத்துல என் பேரை எழுதியிருக்கேன்.