ஏழாம் ரூம் பெல்

ஆயா: ட்ரெயினிங், சும்மா ஒரு விளையாட்டுன்னு சொல்லித்தானே டேப்லெட்டைக் கையில குடுத்தீங்க சிஸ்டர்? இப்ப எதுக்குக் கதவைச் சாத்துறீங்க?

நர்ஸ்: வெளிய காது நிறைய இருக்கு. உக்காருங்கக்கா.

ஆயா: தோத்துட்டேனா?

நர்ஸ்: ஜெயிச்சுட்டீங்க. நம்ம முதியோர் இல்லத்துலயே நீங்கதான் ஃபர்ஸ்ட்.

ஆயா: அடேயப்பா! அதைச் சொல்லவா மூஞ்சியை உர்ர்னு வெச்சிருக்கீங்க?

நர்ஸ்: விளையாட்டுல ஒரு பெரியவர் கட்டில்லேர்ந்து விழுந்து கிடக்கிறார். நம்மைக் கூப்பிடுற பெல்லைக் காணோம். அதைத் தேடணும். அவ்வளவுதானே?

ஆயா: பச்சப்புள்ளகூட ஆடும்.

நர்ஸ்: பதினோரு பேர் ஆடினாங்க. தலகாணிக்கு அடியில, போர்வைக்குள்ள, கட்டிலுக்குக் கீழ... எல்லா இடத்துலயும் தேடினாங்க. நீங்க மட்டும்...

ஆயா: நான் மட்டும் என்ன?

நர்ஸ்: நேரா ஜன்னல் திரைக்குப் பின்னாடி இருக்கிற கொக்கியைத் தொட்டீங்க. நாலே செகண்ட்!

ஆயா: ஏதோ குருட்டாம்போக்குல...

நர்ஸ்: அப்படியா?

ஆயா: என்ன அப்படியா? போட்டு வாங்கப் பாக்குறீங்களா?

நர்ஸ்: ஏழாம் ரூம் வாத்தியார் விழுந்த அன்னைக்கு...

ஆயா: நீங்களும்தான் டூட்டியில இருந்தீங்க! பெல் அவர் தலைமாட்டுலயே இருந்துச்சு. டாக்டரே கண்ணால பாத்தார். அடிக்காம எழுந்தது அவர் தப்பு.

நர்ஸ்: ‘பெல் அங்க இல்லவே இல்ல’ன்னு அவர் கதறுறார். யாரும் நம்பல. மறதி முத்திப்போச்சுன்னு நாளைக்குப் பூட்டு வார்டுக்கு மாத்துறாங்க.

ஆயா: பூட்டு வார்டுக்கா? அந்த மனுஷன் தினமும் குறுக்கெழுத்து போடுவாரே...

நர்ஸ்: அக்கா...

ஆயா: எனக்குப் பதினெட்டு கட்டில், சிஸ்டர். அவர் நிமிஷத்துக்கொரு தரம் பெல் அடிப்பார். தண்ணி குடு, திரையை இழு, திரையை விடு... பத்து நிமிஷம் மூச்சு விட்டுக்கலாம்னு பெல் ஒயரைக் கொக்கியில மாட்டினேன். பாவி நான்! ஓடி வந்து பாத்தா பெல் தலைமாட்டுல இருக்கு. எப்படின்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல... இருங்க. கொக்கி விஷயம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாதே. விளையாட்டுல அதை வைக்கச் சொன்னது யாரு?

நர்ஸ்: பழி நம்ம மேல வந்துடும்னு பயந்து, டாக்டர் வர்றதுக்குள்ள பெல்லைக் கொக்கியிலேர்ந்து கழட்டி அவர் தலைமாட்டுல வெச்சவ. நான்தான்க்கா. மாட்டினது யாருன்னு தெரியல, அதான் இந்த விளையாட்டு... டாக்டர்கிட்ட தனியாப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்ல.