வலை பின்னாத சிலந்தி

எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் ஒரு தவறு இருக்கிறது, மேடம். அதைத் திருத்தத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். எனக்குக் கோவையாகப் பேச வராது. நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்தது நல்லதாயிற்று.

நான்காவது மாடியில் நடந்த மரணத்துக்கு, குளியலறை கேஸ் ஹீட்டரின் புகைக்குழாயைச் சிலந்தி வலையும் முட்டைப்பையும் அடைத்ததே காரணம் என்று அதில் போட்டிருக்கிறார்கள். ஆகவே சனிக்கிழமை நாற்பது வீடுகளிலும் மருந்து அடிக்கப்படுமாம். இறந்தவர் என் அண்ணி.

குழாயில் கிடைத்த முட்டைப்பையின் படம் உங்கள் கோப்பில் இருக்கும். கோட்டுப் பொத்தான் மாதிரி வட்டமாக, தட்டையாக, வெள்ளையாக. அது இரவில் சுவரில் ஓடுமே, உள்ளங்கை அகலத்தில், அந்தச் சிலந்தியுடையது. அந்த இனம் வலை பின்னுவதே இல்லை. முட்டைப்பையை ஓர் இடத்தில் வைத்துவிட்டுப் போவதும் இல்லை. குஞ்சுகள் வெளியே வரும்வரை வயிற்றுக்கடியில் இடுக்கிக்கொண்டே இருக்கும். தினமும் சூடான புகை போகிற குழாய்ப் பக்கம் அது தலைவைத்தும் படுக்காது. ஒரு வாரம் சிலந்தியைக் கவனித்துப் பார்த்தவர் யாரும் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். நான் விலங்கியல் படித்தவள். தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் கிருமிகளை எண்ணுவது என் வேலை. எண்ணிக்கை தப்பினால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த முட்டைப்பையைக் குழாயில் வைத்தது நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஆறு வருடம் அந்த வீட்டில் நானும் அண்ணனும்தான். அண்ணன் நல்லவர். ஆனால் ஒரு நாளைக்கு நான்கு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். எனக்கும் அது போதும். என் அறையில் சிலந்திகள் இருந்தன. அவை கரப்பான்களைத் தின்றன, நான் புத்தகம் படித்தேன். யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை.

எட்டு மாதத்துக்கு முன் அண்ணி வந்தார். அவர் வாய் மூடி நான் பார்த்ததில்லை. என்னை ‘விஞ்ஞானி’ என்றுதான் கூப்பிடுவார். வந்த வாரமே பெரிய சிலந்தியைப் பார்த்துவிட்டுக் கட்டில்மேல் ஏறி நின்றார். “உன் ரூம்மேட்டுக்கு எட்டுக் காலு. செருப்பு வாங்கிக் குடுத்தே நீ ஓட்டாண்டி ஆயிடுவே” என்றார். அண்ணன் சிரித்தார். அண்ணன் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

சிலந்தி ஜன்னல் வழியாக வருகிறது என்று அண்ணி குளியலறை ஜன்னலை ஆணி அடித்து மூடச் சொன்னார். அண்ணன் மூடினார். இது என் யோசனை இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் அலமாரிக்குப் பின்னால் அந்தப் பெண் சிலந்தி முட்டைப்பையோடு நிற்பதைப் பார்த்தேன். அண்ணிக்கும் காட்டினேன். காட்டியிருக்க வேண்டாம். ஆனால் அவர் கத்தவில்லை. எத்தனை நாளில் பொரிக்கும் என்று கேட்டார். பத்து நாள் என்றேன். “பிரசவத்துக்கு வந்திருக்கான்னு சொல்லு. சரி, பத்து நாள் இருந்துட்டுப் போகட்டும். பதினோராம் நாள் பொட்டியைக் கட்டிடணும்” என்றார். எனக்கு அவரை அன்று மிகவும் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் அவருடைய தங்கை குழந்தையோடு வருவதாகப் போன் வந்தது. தவழும் குழந்தை. அண்ணி உடனே மருந்தடிக்கும் ஆளை வெள்ளிக்கிழமைக்கு வரச் சொல்லிவிட்டார். என் அறை வாசலில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கோவிச்சுக்காதடா. அவன் தரையில கிடக்கிறதையெல்லாம் வாயில போட்டுக்குவான். நீயே சொல்லு, மனுஷக் குழந்தை முக்கியமா, அது முக்கியமா?”

யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்று எனக்குப் பட்டது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

சிலந்தியை எடுத்து வேறிடத்தில் விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பயந்துபோன தாய் தன் முட்டைப்பையைத் தானே தின்றுவிடும். அந்த அபாயத்தை எடுக்க நான் தயாராக இல்லை.

புகைக்குழாயின் மறுமுனை நாங்கள் துணி காயப்போடும் பால்கனியில் இருக்கிறது. ஸ்டூல் போட்டால் கை எட்டும். புதன்கிழமை ஒரு பழைய தலையணை உறையை மடித்து அதில் வைத்தேன். பாதிதான் அடைத்தேன். அண்ணனுக்கு எப்போதும் பச்சைத் தண்ணீர், எனக்கும் அப்படித்தான். அண்ணி மட்டும் வெந்நீரில் அரை மணி நேரம் பாட்டுப் பாடிக்கொண்டு குளிப்பார். வியாழக்கிழமை அவருக்குத் தலைவலி வந்தது. வெள்ளிக்கிழமை வாந்தி. வந்த ஆள் வாசலிலேயே நின்று, உடம்பு சரியில்லாதவர் இருக்கிற வீட்டில் மருந்து அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வாரத்துக்குத் தேதி போட்டுக்கொண்டு போனார். தங்கையும் பயணத்தைத் தள்ளிவைத்தார்.

நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். அதுவரை நான் செய்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. இரண்டு நாளும் அண்ணிக்கு நெற்றியில் தைலம் தடவியது நான்தான். “அம்மா கைமாதிரி இருக்குடி உன் கை” என்றார். டாக்டர் அலைச்சல் என்றார், ஓய்வெடுக்கச் சொன்னார். அண்ணி ஓய்வுக்கு இன்னொரு முறை வெந்நீரில் குளித்தார்.

அடுத்த புதன்கிழமை, சொன்ன கணக்குப்படியே பத்தாம் நாள், பை பிரிந்தது. கடுகில் கால் முளைத்தமாதிரி குஞ்சுகள் சுவரில் நகர்ந்தன. தாய் காலியான பையை நழுவவிட்டது. நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கே தலையணை உறையை எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அண்ணி போர்வையைப் போர்த்திக்கொண்டு என் அறைக்கு வந்தார். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார். பிறகு ஓரடி. கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“இத்துனூண்டு இருக்கு. இதுக்கா நான் கட்டில் ஏறினேன்” என்றார். “விஞ்ஞானி, மருந்தடிக்கிற ஆளை வேண்டாம்னு சொல்லிடறேன். என் தங்கச்சி வந்தா இந்த ரூம் கதவைச் சாத்தி வச்சா ஆச்சு. வளரட்டும்.”

என் எதிரிலேயே போன் செய்து வேண்டாம் என்று சொன்னார். அப்புறம் அண்ணனைக் கூப்பிட்டார்.

“இங்க வந்து பாருங்களேன், நம்ம குஞ்சுங்க.”

அண்ணன் வந்தார். இரண்டு பேரும் என் அறையில், என் கட்டிலில் உட்கார்ந்து, எந்தக் குஞ்சுக்கு என்ன பேர் வைப்பது என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்கு என் பேரை வைத்தார்கள். மூலையில் அசையாமல் இருந்த ஒன்றுக்கு. ஆறு வருடத்தில் அண்ணன் அந்தச் சுவரை ஒரு முறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. நம்ம குஞ்சுங்க என்று அண்ணி மறுபடியும் சொன்னார்.

பத்து நாள் என்று சொல்லி மூன்றாம் நாளே மாறியவர் அவர். நாளைக்கு மறுபடி மாறமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று யோசித்தேன். அன்று மாலை ஸ்டூலைப் போட்டு உறையை இன்னொரு மடிப்பு மடித்து உள்ளே தள்ளினேன். சமையலறைக் கூரையிலிருந்து கொஞ்சம் வலையைக் குச்சியில் சுற்றி எடுத்து அதன்மேல் படரவிட்டேன். காலிப் பையை அதில் ஒட்டினேன். வலை பின்னாத சிலந்தியின் பையை இன்னொன்றின் வலையில் வைத்தது அவசரத்தில் நடந்த பிழை. விலங்கியல் படித்தவள் செய்யக் கூடாதது. அதற்காக வெட்கப்படுகிறேன்.

வியாழக்கிழமை காலை அண்ணன் வேலைக்குப் போன பிறகு அண்ணி குளிக்கப் போனார். இனி உங்கள் கோப்பில் இல்லாதது.

நடந்து முடிந்த பிறகு, ஹீட்டர் மெக்கானிக் வருவதற்குள் வலையையும் காலிப் பையையும் குழாயிலேயே ஒட்டிவிட்டு, உறையை மட்டும் எடுத்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். பையில் கொண்டுவந்திருக்கிறேன். ஓரத்தில் கரி முழுவதும் போகவில்லை, நீங்கள் பரிசோதிக்கலாம். அண்ணன் இப்போது விடுப்பில் இருக்கிறார். சாப்பிடுவதில்லை. துடைப்பத்தை வைத்துக்கொண்டு வீடு முழுவதும் சிலந்திகளைத் தேடித் தேடி அடிக்கிறார். தாயை நேற்று அடித்துவிட்டார். அடித்துவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். குற்றம் செய்யாத ஓர் உயிர் பழியைச் சுமந்து செத்ததை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அதனால்தான் இன்று வந்தேன். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. அறிவிப்பை இன்றே கிழித்துவிடச் சொல்லுங்கள்.

நீங்கள் சத்தம் ஏதும் கேட்டதா என்று அன்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அதையும் திருத்தவேண்டும்.

நான் என் அறையில் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பதைத் தாண்டியிருப்பேன். பாட்டு நின்றது. வாளி உருண்டது. பிறகு அண்ணியின் குரல், தூக்கத்தில் பேசுகிறமாதிரி.

“கண்ணு, கேஸ் லீக் ஆகுதுபோல. எனக்குக் கால் வரலை. நீ இங்க வராத. கதவைத் திறந்துட்டு கீழ போயிடு.”

அது கசிவு இல்லை, வெளியே போக வழியில்லாத புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு. அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது. அண்ணி வணிகவியல் படித்தவர், அவருக்குத் தெரிய நியாயமில்லை. நான் திருத்தவில்லை. குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்து ஒரு வருடமாகிறது, தள்ளினால் திறந்துகொள்ளும்.

குஞ்சுகளை மெல்லிய தூரிகையால் ஒரு டப்பாவில் சேர்த்தேன். அவசரப்பட்டால் கால் முறிந்துவிடும். பிறகு வாசல் கதவைத் திறந்துகொண்டு, படியிறங்கி, கீழே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அண்ணி சொன்ன எதையும் நான் ஒரு நாளும் தட்டியதில்லை, மேடம்.