லாரி நின்ற தூரம்

“பிரேக் போட்டும் என் லாரி முந்நூறு மீட்டர் தள்ளித்தான்டி நின்னுச்சு.”

தமிழ்நாட்டில் பிளஸ் டூ படிப்பு வந்த புதிதில், ஜெயங்கொண்டத்திலிருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள். இருவரும் இயற்பியல் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“இருவத்தஞ்சு மீட்டர்தான்டி! ஒன் லாரி ஆண்டிமடம் போயித்தான் நிக்கும்போல,” என்று தோழி சிரித்தாள். “இயக்க ஆற்றலும் பிரேக் செஞ்ச வேலையும் சமம்னு போட்டியா?”

“அதெல்லாம் போட்டேன். வேகத்த மட்டும் மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர்னே வெச்சுட்டேன். வினாடிக்குப் பத்து மீட்டர்னு மாத்தல.”

“அடிப்பாவி! அப்ப அந்தக் கணக்குக்கு மொத்த மார்க்கும் போச்சா?”

“போச்சு. அந்த மார்க்க நம்பித்தான் இருந்தேன். இனி பெயிலுதான். பெயிலானா மாமனுக்குக் கட்டிவெச்சிருவேன்னு அப்பா சொல்லிட்டாரு. நாளைக்கி வேதியியல் எழுதி என்ன ஆவப்போவுது?”

நான் இயற்பியல் ஆசிரியர், விடைத்தாள் திருத்துபவன். வழிமுறை சரியாக இருந்தால் அந்தப் பிழைக்கு ஒரு மதிப்பெண்தான் குறைப்போம். திருத்துகிறவன் பரீட்சை எழுதியவர்களோடு பேசக்கூடாது என்று வாய்மூடி உட்கார்ந்திருந்தேன். அது கோழைத்தனம்.

மீன்சுருட்டியில் அவள் எழுந்தாள்.

“நாளைக்கி பஸ்ஸுல எனக்கு எடம் போட்டு வெக்காதடி,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.